போலியும் படியும்: திரைப்பொருள் படிகள் வீட்டுக்குள் புகுந்த வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

திரைப்படத்தில் நடிகர் கையாளும் பொருளைத் தமிழ்ப் படப்பிடிப்புத் தளங்களில் 'பிராப்பர்ட்டி' என்றே வழங்குவர். இக்கட்டுரையில் அதனைத் 'திரைப்பொருள்' எனக் குறிக்கிறோம். அதனைப் பார்த்து அதைப் போலவே செய்து விற்கப்படுவதற்கு எப்பெயரிடுவது என்பதே நமக்கு முதலில் எழுந்த இடர்ப்பாடு. 'நகல்' என்றால் தாள் நினைவுக்கு வருகிறது. 'போலி' என்றால் ஏமாற்று என்ற பொருள் இன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இச்சொல்லின் மற்றொரு முகம் தெரியும். 'நிலம்' 'நிலன்' ஆவதும், 'பந்தல்' 'பந்தர்' ஆவதும் இலக்கணத்தில் போலியே. எழுத்து மாறினும் பொருள் மாறுவதில்லை, எவரும் ஏமாற்றப்படுவதும் இல்லை. ஏட்டுச்சுவடியைப் பார்த்தெழுதியதைப் 'படி' என்றனர் நம் முன்னோர். ஈண்டுப் 'படி' என்னும் சொல்லையே ஆள்கிறோம். ஆயினும் போலி என்னும் சொல்லின் இருமுகத்தையும் மறக்க இயலாது என்பதை இவ்வரலாறு காட்டும்.

வீட்டுக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் தலைக்கவசத்தையோ கருநிறப் பறவைச் சிலையையோ வைத்து அழகு பார்ப்பவரை வரலாற்றுத் துறையினர் பொருட்படுத்துவதில்லை. நாமும் நெடுநாள் அவ்வாறே இருந்தோம். ஆனால் மூலம், படி, உரிமை, ஆக்கியோன் ஆகிய நான்கு கருத்துகளும் மோதிக்கொள்ளும் களமாக இப்பொழுதுபோக்கு விளங்குவதைக் கண்டபின் நம் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

முதலில் பறவையை எடுத்துக்கொள்வோம். தாஷியல் ஹாம்மெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' நாவல் 1930இல் வெளிவந்தது. ஜான் ஹூஸ்டன் இயக்கிய திரைப்படம் 1941இல் வந்தது. ஐந்தாம் சார்லஸ் மன்னர் 1530இல் மால்டா தீவை வீரத்துறவியர் சபையொன்றுக்கு வழங்கி, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு வல்லூறு திறையாகச் செலுத்தப்பட வேண்டும் என்றது மெய்யான வரலாறு. அதன்மேல் ஹாம்மெட் கட்டியது கற்பனை. பொன்னும் மணியும் பதித்து, கருநிறப் பூச்சால் மறைக்கப்பட்ட வல்லூற்றுச் சிலை ஒன்றைத் தேடிப் பலர் அலைகின்றனர், சிலர் மாள்கின்றனர். இறுதியில் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெறும் ஈயம். கதைக்குள்ளேயே அது போலி. அப்போலியாக நடித்த ஈயச் சிலைகளுள் ஒன்று 1994இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 3,98,500 அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. வாங்கியது ஹாரி வின்ஸ்டன் நகை நிறுவனம். அந்நிறுவனம் பின்னர் அதைப் பார்த்துப் பொன்னாலேயே ஒரு வல்லூற்றைச் செய்தது. கதையில் இல்லாமற்போன பொற்பறவை, ஈயப் பறவையின் படியாகப் பிறந்தது எனலாம். மற்றோர் ஈயச் சிலை 2013இல் பான்ஹம்ஸ் ஏலத்தில் 40 இலட்சம் டாலருக்கு மேல் விற்றது. எளியோர் வீடுகளில் இருப்பதோ பிசினில் வார்த்த மலிவான படிகள். அவற்றை வாங்குவோர் ஏமாறுவதில்லை. வாங்கும்போதே அது இன்னது என அறிந்தே வாங்குகின்றனர்.

மூலம் சிதைந்தே போனால் என்னாகும்? 'எ கிறிஸ்மஸ் ஸ்டோரி' (1983) படத்தில் ஒரு தந்தை போட்டியொன்றில் பரிசாக விளக்கு ஒன்றைப் பெறுகிறார். வலைக் காலுறை அணிந்த பெண்ணின் கால் வடிவம். மேலே குஞ்சம் தொங்கும் மூடி. அவர் அதைப் பெருமையுடன் தெருவைப் பார்த்த சன்னலில் வைக்கிறார். அதைச் சகிக்காத மனைவியின் கையில் அது உடைகிறது. தற்செயலா, வேண்டுமென்றா என்பதைப் படம் நமக்கே விட்டுவிடுகிறது. படப்பிடிப்புக்கெனச் செய்த விளக்குகள் மூன்றும் உடைந்தன. ஆக, இன்று மூலம் என்று ஒன்றில்லை. கடற்படை விமானியாகும் கனவு கண்பார்வைக் குறையால் நிறைவேறாத இளைஞர் ஒருவருக்கு, அவரைத் தேற்றுவதற்காக அவருடைய பெற்றோர் அத்தகைய விளக்கொன்றைத் தாமே செய்து அனுப்பினர். அதிலிருந்து கருத்துப் பெற்ற அவர் 2003இல் கால்விளக்குகள் செய்து விற்கத் தொடங்கினார். படத்தின் வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்ட கிளீவ்லாந்து நகர வீட்டை 2004இல் 1,50,000 டாலருக்கு வாங்கினார். படத்தில் கண்டவாறே அதைப் புதுப்பித்து 2006 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார். இங்கு விளக்கு மட்டுமன்று, வீட்டின் உள்ளமைப்பும் படியே. ஏனெனில் உட்புறக் காட்சிகள் பெரும்பாலும் வேறிடத்து அரங்கில் எடுக்கப்பட்டவை. மனைவிக்குப் பிடிக்காத பொருளைக் கூடத்தில் வைப்பதா என்னும் பூசல் படத்தில் முடிந்தது. இவ்விளக்கை வாங்கும் வீடுகளில் அது முடியவில்லை போலும்.

தலைக்கவச வழக்கு

இத்துறையில் அறிவுலகம் கட்டாயம் கவனிக்க வேண்டியது இலண்டன் உச்ச நீதிமன்றத்தின் 2011 சூலைத் தீர்ப்பாகும். 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தின் வெண்கவச வீரர்கள் ரால்ஃப் மெக்குவாரியின் ஓவியங்களில் முதலில் உருப்பெற்றனர். அவற்றைக் கண்டு நிக் பெம்பர்ட்டன் களிமண்ணில் தலைக்கவச உரு சமைத்தார். அதைக் கொண்டு ட்விக்கன்ஹாமில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த், பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் காற்றை உறிஞ்சிப் படியவைக்கும் முறையில், 1976இல் 50 கவசங்களைச் செய்து கொடுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குப் பின், 2004இல், அதே பழைய அச்சுகளைக் கொண்டு மீண்டும் செய்து பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார். லூகாஸ் நிறுவனம் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்து 2006இல் 2 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பைப் பெற்றது. பின்னர் இங்கிலாந்திலும் வழக்கு நடந்தது.

அங்கே எழுந்த வினா நமக்கு மிகவும் சுவையானது: இக்கவசம் சிற்பமா? சிற்பமாயின் ஆக்கியோன் வாழ்நாளும் அதற்குமேல் 70 ஆண்டும் காப்புரிமை உண்டு. சிற்பமன்று எனில், தொழிற்பொருளின் வடிவமைப்புக்குரிய குறுகிய பாதுகாப்பே கிட்டும், அதுவோ காலாவதியாகிவிட்டது. கலைப்படைப்பு என்பது திரைப்படமே என்றும், கவசம் அப்படைப்பை உருவாக்குவதற்கான ஒரு கருவி என்றும், ஆகவே அது சிற்பமன்று என்றும் நீதிபதிகள் முடிவு செய்தனர். அதே வேளையில் அமெரிக்கக் காப்புரிமையை மீறியது குறித்து இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே வழக்காடலாம் என்றும் தீர்ப்பளித்தனர். ஆக எய்ன்ஸ்வொர்த் இங்கிலாந்தில் விற்கலாம். அமெரிக்காவுக்கு விற்க இயலாது. உரிமை தமக்கே என அவர் தொடுத்த எதிர்வாதமும் ஏற்கப்படவில்லை.

இத்தீர்ப்பை நாம் முழுமையாக ஏற்கத் தயங்குகிறோம். பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டதாலேயே ஒன்று சிற்பமாகாது எனில், ஊர்வலத்துக்கென வார்க்கப்பட்ட செப்புத் திருமேனிகளை எவ்வகையில் அடக்குவது? நீதிபதிகளின் வரையறை சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம்; கலை வரலாற்றுக்கு அது போதாது. ஆனால் அவ்வழக்கால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. எந்தக் கவசத்தை யார் வரைந்தார், யார் மண்ணில் பிசைந்தார், யார் வார்த்தார் என்பவை சாட்சிகளின் குறுக்கு விசாரணையில் வரிசைப்படப் பதிவாயின. படி விற்றவர்மீது வழக்கு வந்திராவிடில், களிமண்ணில் கைவைத்தவரின் பெயர் இவ்வளவு தெளிவாக ஆவணத்தில் ஏறியிருக்குமா என்பது ஐயமே. நம் கோயிற் கல்வெட்டுகளில் கொடை அளித்தவர் பெயரைப் படித்துவிட்டுச் செதுக்கியவர் பெயரைத் தேடி ஏமாந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

அதே படத்தின் ஒளிவாளுக்கு நேர்ந்தது வேறு. அரங்க அலங்காரக் கலைஞர் ரோஜர் கிறிஸ்டியன் இலண்டன் புகைப்படக் கருவிக் கடையொன்றில் பழைய 'கிராஃபிளெக்ஸ்' ஒளிவீச்சுக் கருவியின் கைப்பிடிகளைக் கண்டெடுத்து, அவற்றின்மேல் கறுப்புப் பட்டைகளை ஒட்டி வாளின் பிடியாக்கினார். இதனை அறிந்த ஆர்வலர்கள் மூலத்துக்கு நெருங்கிய படி வேண்டுமென்று உலகெங்கும் அக்கைப்பிடிகளைத் தேடி வாங்கலாயினர். பழைய செய்தியாளர் கேமராக்களின் மெய்யான உறுப்பு, கற்பனை வாளின் படியாவதற்காகக் கேமராவிலிருந்து பிரிக்கப்பட்டது. கேமரா சேகரிப்போர் இதனால் வருந்துவதில் நியாயம் உண்டு. ஒரு வகை மூலத்தைத் தின்றே மற்றொன்றின் படி வளர்ந்தது.

எதிர்த்திசையிலும் பயணம் நிகழ்ந்துள்ளது. 'ஹாலோவீன்' (1978) படத்தின் கொலையாளி அணிந்த முகமூடி, டான் போஸ்ட் நிறுவனம் கடைகளில் விற்பதற்காகச் செய்த, 'ஸ்டார் டிரெக்' தொடரின் கப்பல் தலைவர் கிர்க்கின் முகமூடி. அதனை வாங்கி வெள்ளை பூசினர். ஒரு படைப்பின் கடைப்பொருள் மற்றொரு படைப்பின் மூலமாயிற்று. இன்று அதன் படிகளை வாங்குவோர் படியின் படியை வாங்குகின்றனர்.

செம்மணிக் காலணிகள்

சேகரிப்பு வழக்கத்தின் தொடக்கத்தைப் பலரும் 1970ஆம் ஆண்டில் வைப்பர். நலிவுற்ற எம்.ஜி.எம். நிறுவனம் அவ்வாண்டு மே மாதத்தில் தன் கிடங்குகளில் கிடந்தவற்றை ஏலத்தில் விட்டது. 'தி விசர்ட் ஆஃப் ஓஸ்' (1939) படத்தில் சூடி கார்லாந்து அணிந்த செந்நிறக் காலணிகள் 15,000 டாலருக்குப் போயின. பிராங்க் பாமின் 1900ஆம் ஆண்டு நூலில் அவை வெள்ளிக் காலணிகள். வண்ணப்படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டிச் செம்மணியாயின. ஏலத்தில் விற்றது ஒரே சோடி என்ற எண்ணம் விரைவில் பொய்த்தது. ஆடைக் கிடங்கில் பணிபுரிந்த கென்ட் வார்னர் வேறு சோடிகளையும் கண்டெடுத்திருந்தார். 1940இல் போட்டிப் பரிசாக ஒரு சோடியைப் பெற்ற பெண்மணி ஒருவரும் வெளிப்பட்டார். ஒரு சோடி 1979இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. படத்தின் 50ஆம் ஆண்டான 1989இல் முன்சொன்ன ஹாரி வின்ஸ்டன் நிறுவனம் மெய்யான மாணிக்கங்கள் 4,600 பதித்து ஒரு படி செய்தது. இங்கும் படியே மூலத்தைவிட விலையுயர்ந்த பொருளால் ஆனது.

மற்றொரு சோடி மின்னசோட்டா மாநிலத்து அருங்காட்சியகத்திலிருந்து 2005இல் களவு போயிற்று. திருடியவர் அவற்றில் இருந்தவை மெய்யான மாணிக்கங்கள் என நம்பியிருந்தார். வெறும் கண்ணாடி எனத் தெரிந்ததும் காலணிகளைக் கைகழுவினார். ஹாம்மெட்டின் கதை மாந்தர் ஈயத்தைக் கண்டு திகைத்ததைப் போல. அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை 2018இல் அவற்றை மீட்டது. அவை மூலமா, திறமையான படியா என்று அறிய ஸ்மித்சோனியனிடம் ஒப்படைத்தனர். பாதுகாப்பு வல்லுநர்கள் செதில்களையும் மணிகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். நிறமற்ற கண்ணாடி மணிக்குச் செந்நிறம் பூசிப் பழுதுபார்த்த சிறு தடயமும், தம்மிடமிருந்த சோடியில் காணப்பட்டதைப் போலவே, அதிலும் தென்பட்டது. மூலமே எனத் துணிந்தனர்.

அவ்வாய்வில் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. ஸ்மித்சோனியன் காலணிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையல்ல, மீட்கப்பட்டவையும் அவ்வாறே. இதன் இடக்காலணிக்கு இணை அதன் வலக்காலணி. அதன் இடக்காலணிக்கு இணை இதன் வலக்காலணி. எப்போதோ, யார் கையிலோ சோடிகள் மாறிப்போயிருந்தன. மீட்கப்பட்ட சோடி 2024 திசம்பரில் டல்லாஸில் நடைபெற்ற ஏலத்தில், கட்டணம் உட்பட, 3 கோடியே 25 இலட்சம் டாலருக்கு விற்றது. அவற்றின் உண்மையான இணைகள் வாஷிங்டனில் உள்ளன.