யாருடைய முறை அது?

2018-ல ரெண்டு வெற்றி. ரெண்டுமே 2 வருடத் தடை முடிஞ்சு வந்தவங்களோடது. ரெண்டுமே, "வயசாயிடுச்சு, இனிமே எங்கே" என்று எல்லாரும் கணக்கு முடித்த பிறகு வந்தது.

முதல் வெற்றி உங்களுக்கே தெரியும். மே 27, மும்பை வான்கடே மைதானம். சூதாட்ட விவகாரத்தில் 2 வருடம் வெளியே இருந்த சென்னை சூப்பர் கிங்ஸ், திரும்பி வந்த வருடமே கோப்பையைத் தூக்கியது. இறுதிப்போட்டியில் 36 வயது வாட்சன் 57 பந்தில் 117. அன்னிக்கு ராத்திரி விசில் சத்தம் கேட்காத தெரு உண்டா?

இரண்டாவது வெற்றியைப் பற்றித்தான் இந்த நீண்ட பதிவு.

செப்டம்பர் 30. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரம். உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப். 250 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் மிதித்து, கடைசியில் ஒரு செங்குத்து ஏற்றத்தையும் தாண்டி, 4 பேர் மட்டும் முன்னால் வர்றாங்க. கோட்டை முதலில் தொட்டவர் ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ வால்வெர்தே. வயது 38.

இதே போட்டியில் அதுக்கு முன்னாடி 6 முறை வெள்ளியோ வெண்கலமோ வாங்கியவர். தங்கம் மட்டும் கைக்கு வரல. அதுக்கு முந்தைய வருடம்தான் டூர் டி பிரான்ஸின் முதல் நாளே வழுக்கி விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. 37 வயசுல சில்லு உடைஞ்சு வர்றவர்கிட்ட, "வலியில்லாம மாடிப்படி ஏறினாலே சந்தோஷப்படுங்க"ன்னுதான் நாங்க சொல்லுவோம். மனுஷன் உலக சாம்பியன் ஆயிட்டார். ஜெயிச்சதும் தேம்பித் தேம்பி அழுதார். தொடர்ந்து 3 வருடம் சாம்பியனாக இருந்த பீட்டர் சாகானே மேடைக்கு வந்து பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டார். ஸ்பெயின் ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள்.

ஆனா சைக்கிள் பந்தயத்தைப் பல வருடமாகப் பார்க்கிறவர்களில் ஒரு பகுதியினர் கை தட்டவில்லை. ஏன்?

2006 மே மாதம். மாட்ரிட்டில் ஃபுவெந்தெஸ் என்ற டாக்டருடைய இடங்களில் ஸ்பெயின் போலீஸ் சோதனை போட்டது. மகப்பேறு மருத்துவம் படித்தவர். சிக்கியது என்ன தெரியுமா? 200-க்கும் மேற்பட்ட ரத்தப் பைகள்.

எதுக்கு ரத்தம்? நம்ம தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து போறது சிவப்பணு. பந்தயத்துக்குச் சில வாரம் முன்னாடி வீரரின் ரத்தத்தை எடுத்துக் குளிரில் வச்சுடுவாங்க. எலும்பு மஜ்ஜை அந்த இழப்பை ஈடுகட்டிடும். பந்தயம் நெருங்கும்போது பழைய ரத்தத்தைத் திரும்ப ஏத்துவாங்க. சுமக்கிற ஆள் கூடினா ஆக்சிஜனும் கூடும், களைப்பு தள்ளிப்போகும். அவரவர் ரத்தம்தான் என்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

ஆபத்து? ரத்தம் கெட்டியாகும், உறையலாம். அதைவிட எனக்கு வயிற்றைக் கலக்குவது இன்னொன்று. ஆஸ்பத்திரியில் ஒரு யூனிட் ரத்தம் ஏத்தணும்னா பெயர், எண், குரூப் என்று ரெண்டு பேர் சரிபார்ப்போம். பை மாறினா உயிர் போகும். ஃபுவெந்தெஸ் வைத்திருந்த பைகளில் இருந்தது வெறும் எண்களும் சங்கேதப் பெயர்களும்தான்.

அதில் 18-ம் எண் பை. 2008-ல் டூர் டி பிரான்ஸ் இத்தாலிக்குள் நுழைந்தபோது அந்த நாட்டு அதிகாரிகள் வால்வெர்தேயின் ரத்தத்தை எடுத்தார்கள். டி.என்.ஏ. அந்தப் பையோடு ஒத்துப்போனது. அவர் மறுத்தார், மேல்முறையீடு செய்தார், தோற்றார். 2010, 2011 இரண்டு வருடமும் தடை. 2010-ல் ஜெயித்த ரொமாந்தி பந்தயப் பட்டமும் போனது.

டாக்டருக்கு என்ன ஆச்சு? 2013-ல் நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டு தண்டனை. 2016-ல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்து. அந்தச் சட்டப்படி ரத்தம் 'மருந்து' ஆகாதாம்! ஊசி ஏத்திக்கிட்டவன் 2 வருடம் வீட்ல உட்கார்ந்தான். ஊசி பிடிச்ச கை தப்பிச்சிடுச்சு. ஒரு மருத்துவனா எனக்கு இது அவமானம்.

சரி, தண்டனை முடிஞ்சு வந்தவரைக் கொண்டாடலாமா கூடாதா?

இதுக்கு நம்ம பழவேற்காடு ஏரியில ஒரு பதில் இருக்கு. அங்கே மீனவ ஊர்களில் 'பாடு' என்று ஒரு பழைய முறை. இறால் கிடைக்கிற நல்ல இடங்களில் யார் எப்போ வலை கட்டலாம்னு ஊரே முறை வச்சுப் பிரிச்சுக்கும். இன்னிக்கு உங்க முறை, நாளைக்கு இன்னொருத்தர் முறை. (பாட்டில் இடம் கிடைக்காத ஊர்களின் குறை தனிக்கதை.) முறை தப்பி வலை போட்டா ஊர்ப் பஞ்சாயத்து கேள்வி கேட்கும். ஏன்னா அங்கே மீறப்பட்டது ஏட்டில் இருக்கிற விதி மட்டும் இல்லை. அந்த நாளுக்காகக் காத்திருந்த இன்னொரு குடும்பத்தின் அடுப்பு.

நாம ரசிகர்கள் மறக்கிறது இந்த இன்னொருத்தரைத்தான். வால்வெர்தேயின் 2018 வெற்றி மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. தண்டனையை அனுபவிச்சாச்சு. அவர் திரும்பவும் வலை போடலாம், நாமும் கை தட்டலாம். ஆனா ரொமாந்தி பட்டத்தைப் பின்னாடி பெற்ற ஸ்லோவேனியாவின் சிமோன் ஸ்பிலாக் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. 2000 சிட்னி ஒலிம்பிக், பெண்கள் 200 மீட்டர். இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 22.28 விநாடியில் மூன்றாவது. முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் 2007-ல் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டார். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது 2009 டிசம்பரில்! அன்று நாலாவதாக வந்த ஜமைக்காவின் பெவர்லி மெக்டொனால்டுக்கு வெண்கலம். 9 வருடம் கழித்து வரும் பதக்கத்தோடு அந்த ராத்திரி, அந்த மேடை, அந்தக் கைத்தட்டல் வருமா?

அதனால, "தலைவன் திரும்பி வந்துட்டான்"னு தாராளமா ஸ்டேட்டஸ் போடுங்க. கூடவே ஒரு நிமிஷம் தேடிப் பாருங்க, அந்தத் தப்பு நடந்த வருஷம் அடுத்த இடத்துல நின்னது யாருன்னு. அவங்க பேரையும் சேர்த்துப் போடுங்க.

உங்க வீட்டுப் பிள்ளை மைதானத்துக்குப் போகுதா? "இந்த ஊசி போட்டா நேரம் குறையும்"னு யார் சொன்னாலும், சொல்றவர் கழுத்துல ஸ்டெதஸ்கோப்பே தொங்கினாலும், வேண்டாம்னு சொல்லக் கத்துக்கொடுங்க.