பஞ்சப்படி யாருக்கு? வடசென்னையின் மூன்று வகை பென்ஷன்

பழைய தொழிலாளிகள் அகவிலைப்படி என்று சொல்ல மாட்டார்கள். பஞ்சப்படி என்றுதான் சொல்வார்கள். விலைவாசி ஏறினால் சம்பளமும் கூடவே ஏற வேண்டும் என்பது இன்று சாதாரண விஷயமாகத் தெரிகிறது. ஆனால் அது தானாக வந்த உரிமை அல்ல. வேலையில் இருக்கும்போது கிடைத்த அந்த உரிமை, ரிட்டயர் ஆன பிறகு எல்லோருக்கும் தொடர்ந்து வரவும் இல்லை. இராயபுரம் தொடங்கி திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் இந்த வித்தியாசம் தெருவுக்குத் தெரு தெரியும்.

விலைவாசியில் பிறந்த சங்கம்

முதல் உலகப்போரின் கடைசி ஆண்டுகளில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் விலை எல்லாம் எகிறியது. கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை. இந்தச் சூழலில்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள்தான் அதன் அடித்தளம். பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க. அதில் முக்கியப் பங்கு வகித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகள் சூறையாடப்படும் அளவுக்கு நிலைமை முற்றியது.

இரண்டாம் உலகப்போரின்போது விலை மறுபடி ஏற, பஞ்சப்படி பரவலானது. பிறகு அதை விலைவாசிக் குறியீட்டெண்ணோடு கட்டிப்போட்டார்கள். குறியீடு இத்தனை புள்ளி ஏறினால் படி இவ்வளவு ஏறும் என்று ஒரு கணக்கு வந்தது. இதன் பெரிய நன்மை என்ன? ஒவ்வொரு தடவையும் முதலாளியிடம் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. கணக்கே பேசிவிடும்.

வேலையை விட்ட பிறகு?

இங்கேதான் கதை பிரிகிறது.

முதல் வகை, அரசு ஊழியர்களும் அவர்களைப் போன்ற விதிகள் உள்ள துறைமுகம், மின்வாரியம் ஆகியவற்றின் பழைய ஊழியர்களும். இவர்கள் பென்ஷன் மீதும் அகவிலைப்படி உண்டு. பென்ஷன் என்பது அரசு போடும் பிச்சை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

மத்திய அரசுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2016 ஜனவரியில் பூஜ்யமாக இருந்த அகவிலைப்படி 2024 ஜனவரியில் 50 சதவீதம் ஆனது. அதாவது ரூ.10,000 அடிப்படை பென்ஷன் வாங்கியவருக்கு எட்டு வருடம் கழித்து ரூ.15,000. தொழிலாளர் விலைவாசிக் குறியீடும் அந்தக் காலத்தில் ஏறக்குறைய அதே அளவுதான் ஏறியது. ஆக, இவர்கள் பணக்காரர் ஆகிவிடவில்லை, இருந்த இடத்தில் இருக்கிறார்கள். அவ்வளவுதான். கொரோனா காலத்தில் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை இந்த உயர்வைக்கூட நிறுத்தி வைத்தார்கள். அந்த 18 மாத நிலுவை பிறகு தரப்படவில்லை.

இரண்டாம் வகை, தனியார் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். திருவொற்றியூர் என்றால் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி. எண்ணூர் என்றால் அசோக் லேலண்ட். இவற்றைச் சுற்றி எத்தனையோ சின்னப் பட்டறைகள். கம்பெனி பெரிதோ சிறிதோ, பி.எஃப். பிடித்தவர்களுக்கு விதி ஒன்றுதான். 1995 நவம்பர் 16-ல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் அது. முதலாளி கட்டும் பங்கில் சம்பளத்தின் 8.33 சதவீதம் இதற்குப் போகும். பென்ஷன் கணக்கு இதுதான்: சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் 'சம்பளம்' என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. முதலில் ரூ.5,000. 2001-ல் ரூ.6,500. பிறகு 2014 செப்டம்பரில்தான் ரூ.15,000 ஆனது. இடைப்பட்ட 13 வருடம் கையில் வாங்கிய சம்பளம் எவ்வளவு ஏறினாலும், பெரும்பாலோருக்கு பென்ஷன் கணக்கில் அது 6,500-தான்.

திட்டம் தொடங்கியபோதே சேர்ந்து, 2010 நவம்பரில் 58 வயதில் ரிட்டயர் ஆன ஒருவரை வைத்துக் கணக்குப் பார்ப்போம். 6,500 x 15 / 70 = ரூ.1,393. அதற்கு முந்தைய சர்வீஸுக்கு ஒரு சிறு தொகை சேரலாம். இந்த பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. ஆரம்ப வருடங்களில் நிதியை மதிப்பிட்டு சிறிய உயர்வுகள் கொடுத்தார்கள். பிறகு அதுவும் நின்றது. ரிட்டயர் ஆன அன்று என்ன தொகையோ, அதுவேதான் பத்து வருடம் கழித்தும்.

2014 செப்டம்பரில் குறைந்தபட்ச பென்ஷன் ரூ.1,000 என்று நிர்ணயித்தார்கள். அப்போது தொழிலாளர் விலைவாசிக் குறியீடு 253 (2001=100). 2024 டிசம்பரில் அதே அளவில் கணக்கிட்டால் சுமார் 414. அந்த ஆயிரம் ரூபாயும் 2024 முடியும்வரை ஆயிரமாகவே இருந்தது. அதற்கு வாங்கக்கூடிய பொருளோ பழைய 610 ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. குறைந்தபட்சம் ரூ.3,000 தர வேண்டும், பஞ்சப்படியோடு இணைக்க வேண்டும் என்று பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு 2013-லேயே பரிந்துரைத்திருந்தது.

அரசு தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். இது வரிப்பணத்தில் தரும் பென்ஷன் அல்ல, கட்டிய பணத்திலிருந்து தரும் பென்ஷன். வருகிற சந்தாவை வைத்துக்கொண்டு எதிர்கால விலைவாசிக்கு உத்தரவாதம் தர நிதி தாங்காது என்கிறார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் உத்தரவாதம் இல்லை என்றால் விலைவாசி நின்றுவிடாது. அந்தச் சுமை நிதியின் தலையிலிருந்து கிழவரின் தலைக்கு மாறுகிறது, அவ்வளவே.

மூன்றாம் வகை, பி.எஃப். என்பதையே பார்க்காதவர்கள். மீன் விற்றவர்கள், மூட்டை தூக்கியவர்கள், வீட்டு வேலை செய்தவர்கள். இவர்களில் ஆதரவற்றவர்களுக்கு முதியோர் உதவித்தொகை, மக்கள் மொழியில் ஓ.ஏ.பி. தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் ரூ.20-ல் தொடங்கியது. 2011-ல் ரூ.1,000. அடுத்த உயர்வு 2023-ல், ரூ.1,200. இந்த 12 வருடத்தில் விலைவாசிக் குறியீடு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அதே மதிப்பு தொடர வேண்டுமென்றால் ரூ.2,000-க்கு மேல் தந்திருக்க வேண்டும்.

இவர்களைத் தாங்கிப் பிடித்தது ரேஷன் கடை. 2011 முதல் அரிசி இலவசம். பணம் தேயும், கிலோ தேயாது. இருபது கிலோ எந்த விலைவாசியிலும் இருபது கிலோதான். ஆனால் வீட்டு வாடகையும் மருந்தும் ரேஷனில் கிடைப்பதில்லை. வயதானவர்களுக்கு ஏறுகிற செலவே அவைதான்.

அமெரிக்கா கற்ற பாடம்

அமெரிக்காவில் 1940-ல் மாதாந்திர சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் தொடங்கியபோது விலைவாசி இணைப்பு இல்லை. பத்து வருடம் தொகை அசையவே இல்லை. 1950-ல் ஒரே அடியாக சுமார் 77 சதவீதம் உயர்த்த வேண்டி வந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு உயர்வுக்கும் நாடாளுமன்றம் மனது வைக்க வேண்டும். 1972-ல் சட்டம் போட்டு, 1975 முதல் உயர்வைத் தானியங்கியாக மாற்றினார்கள். பெரம்பூர் மாதிரியான ஊர்களில் தொழிலாளிகள் சம்பளத்துக்காகப் போராடிப் பெற்ற அதே கணக்குதான்.

ஆக, உயர்வு விலைவாசிக்கு ஈடாகிறதா என்ற கேள்விக்கு வடசென்னை தரும் பதில் எளிமையானது. கணக்கு சட்டத்தில் எழுதப்பட்ட இடத்தில் ஈடாகிறது. அறிவிப்புக்குக் காத்திருக்கும் இடத்தில் ஆவதில்லை. இதில் உழைப்பின் அளவுக்கோ, வயதுக்கோ, தேவைக்கோ சம்பந்தம் இல்லை. துறைமுக கேட்டில் நுழைந்தாரா, தொழிற்சாலை கேட்டில் நுழைந்தாரா, எந்த கேட்டிலும் நுழையாமல் வெளியே கூடை சுமந்தாரா என்பதுதான் முப்பது வருடம் கழித்து அவர் மாத்திரை வாங்குவதையும் வாங்காததையும் தீர்மானிக்கிறது.