கட்டளைவரிக் குறுக்குவிசைகள்

ஷெல் எனப்படுவது பயனர் தட்டச்சிடும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரல். அக்கட்டளை வரியைத் திருத்த உதவும் விசைச் சேர்க்கைகளே கட்டளைவரிக் குறுக்குவிசைகள். காகிதத்தில் அச்சிடும் டெலிடைப் கருவிகளோடு இயங்கிய தொடக்ககால யூனிக்ஸில், முந்தைய எழுத்தை அழிக்க # குறியும் வரியை முழுதாகக் கைவிட @ குறியும் இருந்தன; இவ்விரண்டையும் எஸ்டிடிஒய் கட்டளையால் மாற்றிக்கொள்ள முடிந்ததால், விசைகளை விருப்பப்படி அமைக்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

1976இல் எம்ஐடியில் உருவான ஈமேக்ஸ் திருத்தி, வரியின் தொடக்கத்துக்குச் செல்லக் கண்ட்ரோல்–ஏ, இறுதிக்குச் செல்லக் கண்ட்ரோல்–ஈ என்னும் மரபை வேரூன்றச் செய்தது; 1983இல் பெல் ஆய்வகத்தின் டேவிட் கார்ன் அறிவித்த கார்ன் ஷெல் அம்மரபையும் விஐ திருத்தியின் மரபையும் ஷெல்லுக்குள் ஏற்றது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ் ஷெல்லின் வரித்திருத்தப் பகுதி, ரீட்லைன் என்னும் தனி நிரலகமாகவும் வழங்கியதால், பயனரின் இன்புட்ஆர்சி கோப்பில் எழுதும் ஒரு வரி பாஷுக்கு மட்டுமன்றி ஜிடிபி போன்ற பிற நிரல்களுக்கும் செல்லுபடியாகிறது. மேல் அம்புக்குறியை ‘ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட்’ செயலோடு இணைத்துவிட்டால், ‘கிட்’ என்று தட்டி அம்பை அழுத்தியதும் அச்சொல்லில் தொடங்கிய பழைய கட்டளைகள் மட்டுமே வரும். அக்கோப்பில் செய்யத்தக்க மாற்றங்களுள் இதுவே மிகப் பயனுள்ளது.

தமிழுக்கு இம்மரபில் ஒரு தனிச்சிக்கல் இருந்தது. ஈமேக்ஸ் வழிவந்த மெட்டா விசை, பல முனையங்களில் எழுத்தின் எட்டாம் பிட்டை 1 ஆக்கி அனுப்பியது. 7 பிட்டுக்குள் அடங்கும் ஆங்கிலத்துக்கு அந்த இடம் தேவைப்படவில்லை. 1999ஆம் ஆண்டின் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட டாப் என்னும் இருமொழிக் குறியேற்றமோ தமிழை எட்டாம் பிட் 1 ஆக இருக்கும் மேற்பாதியில்தான் வைத்தது. யூனிக்கோடின் யுடிஎஃப்-8 வடிவிலும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றின் 3 பைட்டுகளிலும் எட்டாம் பிட் 1 ஆகவே நிற்கும். ஆகவே ‘கன்வர்ட்-மெட்டா’ என்னும் அமைப்பு இயங்கும்போது, உள்ளிட்ட தமிழ் எழுத்தை ரீட்லைன் மெட்டா விசைக் கட்டளையாகப் பிறழக் கொண்டது. பல பைட் எழுத்துகளுக்கான ஆதரவு 2002இல் ரீட்லைன் 4.3 பதிப்பில்தான் வந்தது.

டெபியனைத் தழுவிச் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் 2011 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, விண்டோஸோடு சேர்ந்து, மாணவர் கைக்குப் போயிற்று. டெபியனின் பொது இன்புட்ஆர்சி கோப்பில் ‘கன்வர்ட்-மெட்டா’வை அணைக்கும் வரி, ஜெர்மன் எழுத்துகளை எடுத்துக்காட்டும் குறிப்போடு, செயலற்ற நிலையிலேயே விடப்பட்டுள்ளது; மொழிச்சூழலைப் பார்த்து ரீட்லைனே அதை அணைத்துக்கொள்வதால் தமிழ்ப் பயனர் அவ்வரியைத் தொட வேண்டியதில்லை.