யார் வைத்த சூனியம்?

தமிழ்ச் சினிமாவில் மந்திரவாதி எப்படி இருப்பான்? யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கறுத்த உடம்பு, சிவந்த கண்ணு, கழுத்தில் எலும்பு மாலை, கையில் உடுக்கை, பக்கத்தில் சாராயம், வெட்டுறதுக்கு ஒரு கறுப்புக் கிடா, இருக்கிற இடம் சுடுகாடு. விட்டலாச்சார்யா படங்கள் டென்ட் கொட்டாயில் ஓடின காலத்திலிருந்து டி.வி. சீரியல் வரைக்கும் இந்த உருவம் பெரிசா மாறவில்லை.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகத் திருப்பிப் படித்துப் பாருங்கள். சுடுகாடு யார் வேலை செய்கிற இடம்? பிணத்துக்குக் குழி வெட்டுவதும், எரிக்கும்போது விறைத்து எழும்புகிறதைத் தடியால் தட்டிப் படுக்க வைப்பதும் யார் தலையில் கட்டின வேலை? உடுக்கை அடித்து, சாராயம் படைத்து, கிடா வெட்டிக் கும்பிடுகிற சாமி யாருடைய சாமி? காட்டேரிக்கும் வீரனுக்கும் வெட்டின கிடா அன்னைக்கு ராத்திரி நம்ம தெருவில் கொழம்பாகும். வருசத்தில் ஒருநாள் வயிறு நிறையத் தின்கிற சோறு அது. அதே கிடாவைச் சினிமாக்காரன் காட்டினால் பின்னணி இசை அலறுகிறது. நம்முடைய தொழிலையும் நம்முடைய சாமியையும் உரித்தெடுத்துத்தான் பயத்துக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பகலில் சேரிக்காரன் கையால் தண்ணி வாங்கிக் குடிக்காத ஊர்த்தெருக்காரர், புள்ளைக்கு ஜுரம் விடலேன்னா பொழுது சாய்ந்த பிறகு மந்திரிக்க அவனைத் தேடி வருவார். புள்ள பொழச்சா சாமி புண்ணியம். பொழைக்கலேன்னா? "அவன்தான் ஏதோ வெச்சிட்டான்." வைத்தியனும் அவனே, சூனியக்காரனும் அவனே. எது என்று தீர்மானிக்கிற அதிகாரம் மட்டும் அவன் கையில் இல்லை.

கடலூர், சிதம்பரம் பக்கத்துக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ள நந்தன் கதை போதும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியபடி, கொள்ளிடக்கரை ஆதனூர்ப் புலைச்சேரிக்காரன் நந்தன். கோயில் பேரிகைக்குத் தோல், யாழுக்கு நரம்பு, பூசைக்குக் கோரோசனை கொடுத்தவன். அவன் கொடுத்த தோல் உள்ளே போகும், அவன் தோல் போகக்கூடாது. கடைசியில் தில்லையில் தீ வளர்த்து அதற்குள் இறங்கச் சொன்னார்கள். வெளியே வந்தவன் பூணூலும் சடையுமாக வந்தான் என்கிறது புராணம். நந்தனாக வரவில்லை.

1861இல் அச்சான கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கீர்த்தனை, பண்ணை வேதியரைப் புதிதாகக் கதைக்குள் கொண்டுவந்தது. சேரி சனம் கும்பிடுகிற சாமிகளை நந்தன் உதறிவிட்டுப் போகவேண்டிய சில்லறைச் சாமிகளாக ஆக்கியது. பேசும் படம் வந்த பிறகு 1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாக வந்தார்கள். ஆக, சேரியில் நல்லவன் என்றால் சேரிச் சாமியை விட்டவன். விடாதவன் யார்? அவன்தான் பின்னால் வந்த படங்களில் எலும்பு மாலையோடு உட்கார்ந்திருக்கிறவன்.

தீ என்றதும் ஐரோப்பா ஞாபகம் வருகிறது. 15ஆம் நூற்றாண்டு தொடங்கி 18ஆம் நூற்றாண்டு வரை அங்கே சூனியக்காரிகள் என்று சொல்லி 40,000 முதல் 50,000 பேர் வரை கொன்றார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் கணக்கு. பெரும்பாலும் பெண்கள். பல நாடுகளில் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். அவர்களைக் குற்றவாளி என்று சொல்லித் தீயில் போட்டார்கள், நந்தனைப் புனிதமாக்குகிறோம் என்று சொல்லிப் போட்டார்கள். உள்ளே போன உடம்புக்கு இதில் என்ன வித்தியாசம்?

இந்த வேட்டை அமெரிக்காவுக்கும் போனது. 1690இல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவர் பிறந்த ஊர் பாஸ்டன். அந்தப் பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது சேலம். நம்ம சேலம் இல்லை, அமெரிக்கச் சேலம். அங்கே 1692இல் பாதிரியார் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இழுப்பு வந்தது. சூனியம் என்றார்கள். முதலில் பிடித்த மூன்று பேர் யார் தெரியுமா? பாதிரியாரின் அடிமை டிடுபா, பிச்சையெடுத்த சாரா குட், நோயில் கிடந்த சாரா ஆஸ்போர்ன். அடிமை, பிச்சைக்காரி, நோயாளி. எதிர்த்துப் பேச ஆள் இல்லாதவர்களாகப் பார்த்துத்தான் சாத்தானும் பிடிக்கிறான் போல! எசமான் அடித்துத்தான் ஒத்துக்கொள்ள வைத்தார் என்று டிடுபா பிறகு சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அந்த வருசம் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள்.

ராபர்ட் எகர்ஸ் என்பவர் 2015இல் எடுத்த 'தி விட்ச்' படம் சேலத்துக்கு அறுபது வருசம் முந்தைய கதை. பெரிய கம்பெனி தயவில்லாமல் சிறு முதலில் எடுத்தது. சன்டான்ஸ் விழாவில் இயக்குநர் பரிசு வாங்கியது. ஊரைவிட்டு விலக்கப்பட்ட ஒரு குடும்பம் காட்டோரம் குடியிருக்கிறது. சோளம் விளையவில்லை, கைக்குழந்தை காணாமல் போகிறது, பழி மூத்த மகள் தாமஸின் தலையில் விழுகிறது. பட்டினியும் மதவெறியும் சேர்ந்து ஒரு வீட்டுக்குள்ளேயே சூனியக்காரியை எப்படி உண்டாக்குகின்றன என்று காட்டுகிற இடங்கள் அபாரம். ஆனால் காட்டுக்குள் நிசமாகவே ஒரு சூனியக்காரி இருக்கிறாள் என்றும் படம் காட்டிவிடுகிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கறுப்புக் கிடா அங்கேயும் சாத்தான்! சூனியக்காரி நிசம் என்று ஆகிவிட்டால் பழி சொன்னவனுக்குப் பாதி விடுதலை கிடைத்துவிடுகிறது.

இதைத் திருப்பிப் போட்ட ஒரு படம் நம்ம பக்கத்தில் வந்திருக்கிறது. ராகுல் சதாசிவன் இயக்கிய மலையாளப் படம் 'பிரமயுகம்' (2024). முழுக்கக் கறுப்பு வெள்ளை. 17ஆம் நூற்றாண்டு மலபார். அடிமை வியாபாரத்திலிருந்து தப்பி ஓடிவரும் தேவன் என்ற பாணன் பசியோடு ஒரு பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். உள்ளே கொடுமண் போற்றி. மம்முட்டி நடித்திருக்கிறார். சோறு போடுகிறார், தாயம் ஆடக் கூப்பிடுகிறார், வெளியே மட்டும் விடுவதில்லை. மலபாரில் ஒடி வித்தை என்றால் பாணன், பறையன் பேரைத்தான் சொல்வார்கள். மிருக உருவம் எடுத்து ராத்திரியில் ஆளைக் கொல்கிறவன் ஒடியன் என்று கதை கட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் மந்திரம் பாணனிடம் இல்லை, மனைக்குள் இருக்கிறது. போற்றி உருவத்தில் இருக்கிறதே சாத்தன்தான். கடைசியில் அது ஏழையின் உடம்புக்குள்ளும் புகுந்துகொள்வதைக் காட்டும்போது அதிகாரம் ஆள் மாறி உட்கார்ந்தாலும் அதிகாரம்தான் என்று உறைக்கிறது.

சினிமாவில் என்ன இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். 2000 தொடங்கி 2016 வரை சூனியக்காரி என்ற பழியால் இந்தியாவில் 2,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டிருக்கிறார்கள். நிலத்தைப் பிடுங்க, விதவையை விரட்ட, படுக்கைக்கு இணங்காதவளைப் பழிவாங்க இந்த ஒரு சொல் போதுமாயிருக்கிறது. பீகார் 1999லும் ஜார்கண்ட் 2001லும் தனிச் சட்டம் போட்டன. ஜார்கண்டில் அப்படிப் பழி சுமத்தி விரட்டப்பட்ட சுட்னி மகதோ, தன்னைப் போன்ற பெண்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், சூனியம் வைத்ததாகச் சொல்லி தலித்தையோ பழங்குடியையோ உடலாலும் மனத்தாலும் வதைப்பதை வன்கொடுமை என்றே சேர்த்தது. 2016 சனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தப் பழி சாதியின் ஆயுதம் என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்டுவிட்டது. நம்ம வழக்கறிஞர் தோழர்கள் இந்தப் பிரிவைக் கையில் எடுக்க வேண்டும்.

சூனியம் என்கிற இடத்தில் திருட்டு என்று போட்டுப் பாருங்கள், கதை மாறாது. 1993இல் கடலூர் மாவட்டம் முதனை ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனது ஒரு நகைத் திருட்டுப் பழிதான். குறவர் என்பதே சாட்சியாகிவிட்டது. 'ஜெய் பீம்' (2021) அவரை இருளராக மாற்றிக் காட்டியது என்றாலும் அடித்துக் கொன்றவர்களின் பக்கம் காமிராவைத் திருப்பியது.

கையில் கொஞ்சம் காசும் ஒரு காமிராவும் வைத்துக்கொண்டு பேய்ப்படம் எடுக்கக் கிளம்புகிற நம்ம பிள்ளைகளுக்குச் சொல்ல இதுதான் இருக்கிறது. சுடுகாட்டுக்குப் போகாதீங்க, அங்கே நம்ம தாத்தா வேலை செய்துகொண்டிருக்கிறார். பண்ணை வீட்டுத் திண்ணைக்குப் போங்க. தீ வளர்த்து இறங்கச் சொன்னவர்கள் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன பேசிக்கொண்டார்கள், எப்படித் தூங்கினார்கள் என்று எடுங்கள். அதைவிடப் பயங்கரமான படம் தமிழில் இன்னும் வரவில்லை.