ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது மாணவியர்

தேக்காவிலிருந்து சிலிகி ரோடு வழியாக நகர மையம் நோக்கி நடப்பவர்கள் ஷார்ட் ஸ்திரீட் என்னும் தெருவைக் கடந்து செல்வர். பெயருக்கேற்ற குறுகிய தெரு. தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் அங்குதான் உள்ளது. 1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இத்தெருவின் கடைவீடு ஒன்றில் ஒன்பது தமிழ்ச் சிறுமியருடன் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. 'தமிழ்ப் பெண்கள் பள்ளி' என்பதே அதன் முதற்பெயர். இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்று சிங்கப்பூர் முழுதும் அறியப்படும் கல்விக்கூடத்தின் தொடக்கம் அதுவே. நம் பெற்றோர் பலர் இச்செய்தியை அறிந்திருக்கமாட்டார்கள்.

அப்பள்ளியைத் தொடங்கியவர் சோபியா பிளாக்மோர் அம்மையார். 1857ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கோல்பர்ன் நகரில் பிறந்தவர். ஊழியம் செய்ய விரும்பிய அவரை அனுப்பக்கூடிய பெண்கள் சங்கம் அந்நாளில் அவருடைய நாட்டு மெதடிஸ்ட் சபையில் இல்லை. ஆகவே அமெரிக்க மெதடிஸ்ட் பெண்களின் வெளிநாட்டு ஊழியச் சங்கத்தின் வழியாக வந்தார். இந்தியாவில் சில மாதங்கள் தங்கிய பின் 1887 ஜூலை மாத நடுவில் சிங்கப்பூரில் கால் வைத்தார்.

அவர் வருவதற்கான செலவை ஏற்ற கதையும் நினைவிற்குரியது. சிங்கப்பூரில் மெதடிஸ்ட் பணியைத் தொடங்கியவர் பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம். 1885இல் இங்கு வந்த அவர், மறு ஆண்டே பதின்மூன்று சிறுவர்களுடன் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களிடையே பணியாற்ற ஒரு பெண் தேவை என்ற வேண்டுகோள் அமெரிக்காவை எட்டியபோது, மினசோட்டா மாநிலத்தின் மேரி நிண்ட் அம்மையார் 3,000 டாலர் தருவதாக வாக்களித்தார். பனியில் உறையும் ஊரார், தாங்கள் கண்டிராத நிலநடுக்கோட்டு நகரத்துச் சிறுமியருக்காகப் பணம் திரட்டினர். கடவுள்மீது கொண்ட நம்பிக்கை என்று அவர்கள் சொன்னது இதைத்தான். பயன் கண்ணுக்குத் தெரியும்முன்பே அவர்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துவது நலம். சிங்கப்பூரில் பெண்களுக்கான முதற்பள்ளி இதுவன்று. செயின்ட் மார்கரெட் பள்ளி 1842லேயே தொடங்கிவிட்டது; கத்தோலிக்கக் கன்னியரின் பள்ளி 1854 முதல் இயங்கியது. ஆயினும் தமிழ்க் குடும்பங்களின் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தேவைப்பட்டது. அதைக் கேட்டவர்கள் இங்கு வாழ்ந்த தமிழர்களே. தம் பெண்களுக்கும் பள்ளி வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். வணிகர் ஒருவர் கடைவீட்டையும் அளித்தார்.

என் மனத்தை மிகவும் ஈர்த்த பகுதி இது. பிளாக்மோர் அம்மையார் தாமாக ஒரு திட்டத்தை வரைந்து மக்கள்மீது சுமத்தவில்லை. பெற்றோர் கேட்டதை முதலில் செய்தார். பெரிய கட்டடம் வரட்டும், போதிய நிதி சேரட்டும் என்று காத்திருக்கவுமில்லை. வந்திறங்கி நான்கே வாரங்களில் பள்ளி திறந்துவிட்டது.

அவர் கிறிஸ்தவ சமயத்தைப் பரப்பும் நோக்கத்தோடு வந்தவர். இதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பெற்றோரும் அதை அறிந்தே தம் பெண்களை அனுப்பினர். தம் சமயத்தவர் அல்லாத ஒருவரை நம்பிப் பெண்ணைப் படிக்க அனுப்புவது அந்நாளில் எளிய முடிவன்று. ஆசிரியையின் நம்பிக்கையைப் போற்றும் நாம், அப்பெற்றோரின் துணிவையும் சேர்த்தே போற்றவேண்டும்.

மறு ஆண்டு, 1888இல், தெலோக் ஆயர் பகுதியில் சீனப் பெண்களுக்கான பள்ளி ஒன்றையும் அவர் தொடங்கினார். ஃபேர்பீல்டு மெதடிஸ்ட் பள்ளிகள் அதிலிருந்து வளர்ந்தவை. அங்கு இடம் கிடைத்தாலும் மாணவியர் தாமாக வந்துவிடவில்லை. பெரனாக்கான் குடும்பங்களில் பருவமெய்திய பெண்கள் திருமணம்வரை வீட்டைவிட்டு வெளிவருவது அரிது. படிப்பு எதற்கு என்று தாய்மார் கேட்டனர். அம்மையார் மலாய் மொழியைக் கற்றுக்கொண்டு வீடு வீடாகச் சென்று, அவர்களுடைய மொழியிலேயே பேசினார். கதவு திறக்காத வீட்டுக்கு மறுபடியும் சென்றார். தங்கிப் படிக்கும் பெண்களுக்காக அவர் நடத்திய இல்லம் பின்னாளில் மேரி நிண்ட் பெயரால் 'நிண்ட் இல்லம்' எனப்பட்டது. மலாய் பேசும் சீனருக்காக 1894இல் உருவான சபையிலும் அவருடைய உழைப்பு உண்டு. இன்று லிட்டில் இந்தியாவின் கம்போங் காப்பூர் சாலையில் நிற்கும் தேவாலயம் அச்சபையுடையதே.

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவினார் என்பது கிறிஸ்தவர்கள் தலைமைக்கு இலக்கணமாகக் கொள்ளும் நிகழ்ச்சி. தலைவன் என்பவன் பணிவிடை செய்பவன் என்பதே அதன் பொருள். பிளாக்மோர் அம்மையார் அதைப் பேச்சில் வைக்காமல் நடையில் வைத்தார். கட்டளையிட்டு ஒரு குழந்தையையும் அவரால் பள்ளிக்கு வரவழைத்திருக்க முடியாது. ஒரு தாய் மனம் இசைந்தால்தான் ஒரு மாணவி வருவாள். சுமார் நாற்பது ஆண்டுகள் இப்பணியைச் செய்து, 1928இல் ஆஸ்திரேலியா திரும்பினார், 1945இல் மறைந்தார்.

மவுண்ட் சோபியா என்னும் குன்று இவர் பெயரால் வந்தது என்று சிலர் கருதுவர். அது தவறு, அப்பெயர் இவர் வருகைக்கு முன்பே வழங்கியது. மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1992 முதல் இயங்கும் பிளாக்மோர் டிரைவ் என்னும் சாலைதான் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தமிழாசிரியர்களாகிய நமக்கு ஒன்பது என்னும் எண் புதிதன்று. நம் வகுப்புகள் பல அவ்வளவினவே. பக்கத்து வகுப்பில் முப்பது பேர் இருக்க, நம் முன்னால் ஒன்பது பேர் அமர்ந்திருக்கும்போது சிலருக்குச் சோர்வு ஏற்படுகிறது. பெற்றோர் சிலருக்கும் 'இத்தனை பேருக்காகவா?' என்ற எண்ணம் வருகிறது. ஷார்ட் ஸ்திரீட் கடைவீட்டில் அமர்ந்திருந்தவர்களும் ஒன்பது பேர்தாம். அவர்களுக்காகக் கடல் கடந்து ஓர் ஆசிரியை வந்தார். கடைவீட்டை ஒருவர் தந்தார். ஒன்பது குடும்பங்கள் நம்பி அனுப்பின. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அப்பள்ளி நடந்திராது.

அடுத்த முறை பிள்ளைகளோடு தேக்காவுக்குச் செல்லும்போது, சற்று நடந்து அத்தெருவையும் அவர்களுக்குக் காட்டுங்கள். முதல் மாணவியர் நம் வீட்டுப் பெண்கள் என்று சொல்லுங்கள்.