ஆடையும் நம் இல்லமும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டே நினைவுக்கு வரும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவ்விதிகள் கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் உடையோரையே வாரிய உறுப்பினராகத் தகுதியுடையோர் என்றன. நிலமும் வேதமும் மறுக்கப்பட்ட நம் முன்னோர்க்கு அக்குடத்தில் இடமில்லை. வேதம் மறுக்கப்பட்ட பெண்டிர்க்கும் இடமில்லை. விதி செய்வோர் ஒரு சாரார், கட்டுப்படுவோர் மற்றொரு சாரார் என்னும் இம்முறை ஊராட்சியோடு நிற்கவில்லை. உடுக்கும் துணியிலும் புகுந்தது.

தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் தோள்சீலை உரிமைக்காக 1822 முதல் 1859 வரை போராடினர். 1859 ஜூலையில் வெளிவந்த அரசாணை மேனியை மறைக்க இசைந்தது. ஆயினும் மேற்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்று தடுத்தது. நம் மாநிலத்திலேயே, இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணிதலாகாது. பொன், வெள்ளி நகை கூடாது என்பன அவற்றுட் சில.

இவ்விழிவை உணர்ந்தே அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் கூடிய நம் தாய்மார்களிடம், தீண்டாமையின் அடையாளமான உடுப்பு முறையையும் கனத்த வெள்ளி அணிகளையும் விட்டொழிக்குமாறு வேண்டினார். பெண் மக்களையும் படிக்க வைக்குமாறு அவர் அங்கேயே வலியுறுத்தினார். ஆடையும் கல்வியும் அவர் கண்ணில் ஒரே விடுதலையின் இரு கைகள்.

இனி நம் இல்லங்களை நோக்குவோம். சித்திரை வெயிலில் தந்தையும் தமையனும் இடுப்பு வேட்டியோடு திண்ணையில் காற்று வாங்குகின்றனர். அடுப்படியில் வெந்து நிற்கும் மகளோ தாவணியை நெகிழ்த்தவும் கூடாது. வாயிலில் ஆள் அரவம் கேட்டால் நைட்டியின் மேல் துண்டைப் போர்த்திக்கொள்ள ஓட வேண்டும். நடவு வயலில் புடைவைக்கு மேல் கணவனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு நாள் முழுதும் குனிந்து உழைப்பவளை எவரும் குறை கூறுவதில்லை. அவளே வீட்டில் தனக்கு வசதியான உடை உடுத்தினால் குடும்ப மானம் குலைந்தது என்கிறோம்.

மானத்தின் பொருட்டே இக்கட்டுப்பாடு என்பர் பெரியோர். மேனியை மறைக்கும் உரிமையே மறுக்கப்பட்ட மக்கள் ஆடையைப் போற்றுவது இயல்பே. அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடோம். ஆனால் மானம் குடும்பம் முழுமைக்கும் பொதுவென்றால் அதன் சுமையை மகள் மட்டும் சுமப்பதேன்? நம் முன்னோர் கேட்டது துணியை மட்டுமா? எதை உடுப்பது என்பதைப் பிறர் விதிக்கலாகாது என்பதன்றோ அவர்தம் கோரிக்கை!

இளைஞர்களே! ஊரார் நமக்கு விதித்த தடையைக் கண்டு கொதிக்கும் நாம், நம் தங்கையர்க்கு விதிக்கும் தடையையும் அதே தராசில் நிறுத்துப் பார்ப்போம். மகனுக்கு ஒரு விதி, மகளுக்கு ஒரு விதி என்பதை முதலில் நம் வீட்டு வாயிற்படியில் ஒழிப்போம். இவ்வெள்ளி விழா நாளில் நாம் ஏற்க வேண்டிய உறுதி இதுவே.