தலைகீழாக உறங்கும் இலங்கைக் கிளி

2011 இல் புழக்கத்திற்கு வந்த ஆயிரம் ரூபாய் நாணயத்தாளின் முன்பக்கத்தில், இறம்பொடைச் சுரங்கப்பாதையின் படத்தோடு சிறிய பச்சைப் பறவை ஒன்றும் அச்சிடப்பட்டிருக்கின்றது. தாளைத் தினமும் எண்ணுபவர்களிலும் அதைக் கவனித்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். சிங்களத்தில் 'கிராமலித்தா' என அழைக்கப்படும் அந்தத் தொங்கும் கிளி, உலகில் இலங்கையில் மட்டுமே வாழ்கின்றது.

இலங்கையின் ஐந்து கிளியினங்களில் இதுவே மிகச் சிறியது. நீளம் 13 முதல் 14 சென்ரிமீற்றர் வரைதான். ஏறக்குறைய ஒரு சிட்டுக்குருவி. உடல் பச்சை, உச்சந்தலையும் வாலின் மேற்புறமும் சிவப்பு, முதுகில் செம்மஞ்சள் சாயல். குஞ்சுகளுக்குத் தலையில் அந்தச் சிவப்பு இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இதன் நெருங்கிய உறவினத்தின் தலை முழுவதும் பச்சையாகவே இருக்கும்.

வடக்கில் இருப்பவர்கள் இதைத் தேடிப் பயனில்லை. நம் பனந்தோப்புகளில் கத்திக்கொண்டு பறப்பது வேறு இனம். இது தென்மேற்கின் ஈரவலயக் காடுகளுக்கும் மலைநாட்டுக்கும் உரியது. இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களுக்கும் வந்துபோகும். நீண்ட வாலும் பெரிய குரலும் இல்லாத இந்தப் பறவை இலைகளுக்குள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பறக்கும்போது எழுப்பும் கூரிய சீழ்க்கையொலிதான் காட்டிக்கொடுக்கும்.

இரவில் வௌவாலைப் போலக் கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும். உண்ணும்போதும் பல தடவை அதே நிலைதான். பழங்கள், விதைகள், பூந்தேன் ஆகியவை உணவு. முள்முருங்கை பூத்தால் விடாது. கள்ளும் பிடிக்கும். கித்துள், தென்னை மரங்களில் கட்டிய முட்டிகளில் புளித்த கள்ளைக் குடித்து மயங்கிவிடும் என்று பழைய பறவை நூல்கள் குறிப்பிடுகின்றன. (இதில் மனிதருக்கும் கிளிக்கும் பெரிய வேறுபாடு இல்லைப் போலும்.)

கூடு கட்டும் முறை இன்னும் விசித்திரமானது. பெண் பறவை இலைகளை அலகால் நாடாக்களாகக் கிழித்து, வாலுக்கு மேலுள்ள இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறந்து செல்லும். கூண்டுகளில் விற்கப்படும் 'லவ்பேர்ட்ஸ்' இனங்கள் சிலவற்றிலும் இந்தப் பழக்கம் உண்டு. இரண்டுமே நெருங்கிய உறவினங்கள். மரப்பொந்தினுள் அந்த இலைத்துண்டுகளைப் பரப்பி, இரண்டு அல்லது மூன்று வெள்ளை முட்டைகளை இடும்.

பொந்துக்கு முதிர்ந்த மரமோ பட்ட மரமோ வேண்டும். தலையிழந்த பனைகளின் பொந்துகளில் கிளிகள் குடியிருப்பதைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைக்காக 1970களில் பெருமரங்கள் வெட்டப்பட்டன. எதிர்ப்பினால் அது நிறுத்தப்பட்டு, 1988 இல் அவ்வனம் உலக மரபுரிமைத் தலமானது. ஆனால் ஈரவலயத்தின் ஏனைய காடுகள் தேயிலை, இறப்பர் தோட்டங்களுக்கும் குடியேற்றங்களுக்கும் இடையே துண்டுதுண்டாகவே எஞ்சியுள்ளன.

இந்தக் கிளி உடனடி அழிவு அபாயப் பட்டியலில் இல்லை. தோட்டங்களுக்கும் பழகிக்கொண்டதே காரணம். ஆயினும் காய்ந்து நிற்கும் மரத்தை 'உதவாதது' என்று வெட்டும்போது, அதற்குள் குஞ்சுகள் இருக்கக்கூடும். சனவரி முதல் மே வரையான இனப்பெருக்க காலத்தில் பொந்துள்ள மரங்களை விட்டுவைத்தாலே போதும். இதைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம்.